உடம்பு கொதித்தால் மனம் ஏன் சோர்கிறது?

[திரையில்: மருந்துக் குப்பி, ஊசி]

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் நோய்க்குப் பல ஆண்டுகள் கொடுத்து வந்த மருந்து இன்டர்ஃபெரான் ஆல்ஃபா. வைரஸை எதிர்க்க நம் உடம்பே சுரக்கும் புரதம்தான். அதையே ஊசியில் அதிகமாக ஏற்றினார்கள். ஊசி தொடங்கிய சில வாரங்களில் பலருக்குத் தூக்கம் போனது, எதிலும் பிடிப்பில்லாமல் போனது. நாலில் ஒருவருக்கோ மூன்றில் ஒருவருக்கோ முழு மனச்சோர்வு நோயே வந்தது.

கல்லீரலுக்குப் போட்ட ஊசி மனசை எப்படித் தொட்டது?

[திரையில்: நீலச் சாயம் பரவும் உடல், வெள்ளையாக நிற்கும் மூளை]

1885-ல் ஜெர்மனியில் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் செலுத்தினார். மற்ற உறுப்புகள் நிறம் மாறின, மூளை மாறவில்லை. சாயம் மூளையில் ஒட்டாது போலும் என்று நினைத்தார். அது தவறு. அவரிடம் பயின்ற கோல்ட்மன் 1913-ல் சாயத்தை, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் நேரே விட்டார். மூளை நீலமானது, மற்ற உறுப்புகள் ஆகவில்லை. நடுவில் ஏதோ தடுக்கிறது!

அந்தத் தடுப்பு, மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கிறது. செங்கல் இடுக்கில் பூசிய சிமென்ட் மாதிரி, செல்களுக்கு இடையே கிளாடின்-5 என்ற புரதம் இறுக்கிப் பிடிக்கிறது.

[திரையில்: பெரிய எலி, ஒதுங்கிய சின்ன எலி]

2017-ல் நியூயார்க்கின் மவுன்ட் சினாய் ஆய்வாளர்கள், சின்ன எலிகளை நாள்தோறும் முரட்டு எலிகளிடம் அடிபட விட்டார்கள். சில எலிகள் தாங்கிக்கொண்டன. மற்றவை துணையைத் தவிர்த்து ஒதுங்கின. ஒதுங்கியவற்றின் மூளையில், இன்ப உணர்வோடு தொடர்புள்ள பகுதியில் கிளாடின்-5 குறைந்திருந்தது; ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதம் அந்த வழியாக உள்ளே கசிந்தது. அழற்சி என்பது கிருமியையோ காயத்தையோ எதிர்த்து உடம்பு கொதிப்பது. மனச்சோர்வோடு இறந்தவர்களின் மூளைத் திசுவிலும் கிளாடின்-5 குறைவாகவே இருந்தது. எலி ஒதுங்குவதும் மனிதர் சோர்வதும் ஒன்றல்லதான். ஆனாலும் கவலை, பயம் எல்லாம் ரத்தக்குழாய்ச் சுவர் வரை போகிறது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

இந்தத் தடுப்பு வேலி உடையாமலும் மூளைக்குத் தகவல் போகும். வேகஸ் நரம்பு வயிற்றிலும் நெஞ்சிலும் நடப்பதை மூளைக்குச் சொல்லிவிடும்.

[திரையில்: ரத்தப் பரிசோதனை அறிக்கை, சிஆர்பி வரி பெரிதாக]

அப்படியானால் அழற்சியை அடக்கினால் மனச்சோர்வு போய்விடுமா? 2013-ல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகம், வழக்கமான மருந்துக்கு அடங்காத 60 பேரிடம் பார்த்தது. பாதிப் பேருக்கு அழற்சியை அடக்கும் மூட்டுவாத மருந்தான இன்ஃப்ளிக்சிமாப், மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். மொத்தக் கணக்கில் வித்தியாசமே இல்லை.

ஆனால் சிஆர்பி என்ற, ரத்தத்தில் அளக்கும் அழற்சிக் குறியீடு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களை மட்டும் பிரித்தால், மருந்து உதவியதுபோல் தெரிந்தது. குறைவாக இருந்தவர்களுக்கோ உப்பு நீரே மேல்!

எல்லா மனச்சோர்வும் அழற்சியால் வருவதில்லை. சிஆர்பி, பல் சீழ் பிடித்தாலும் உடல் பருமனாலும்கூட ஏறும். அதனால் அந்த ஒரு எண்ணைப் பார்த்து அழற்சியை அடக்க நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். மனநல மருத்துவர் எழுதியதை நிறுத்தவும் வேண்டாம்.