53 சாவிகள்: சீக்கியரும் ஆங்கிலேயரும்

(திரையில்: அமிர்தசரஸ் பொற்கோயில், அதிகாலை)

சீக்கியருக்கும் ஆங்கிலேயருக்கும் என்ன உறவு என்று கேட்டால், "விசுவாசமான சிப்பாய்கள்" என்றுதான் பலர் சொல்வார்கள். அது பாதிக் கதை. மீதிப் பாதி ஒரு சாவிக் கொத்தில் இருக்கிறது.

1809இல் பஞ்சாபை ஆண்ட சீக்கிய மகாராஜா ரஞ்சித் சிங்கும் கிழக்கிந்தியக் கம்பெனியும் சட்லெஜ் ஆற்றை எல்லையாக வைத்து ஒப்பந்தம் செய்தார்கள். 1839இல் அவர் இறந்தார். அடுத்த பத்தே வருடத்தில் இரண்டு போர்கள் நடந்து, 1849 மார்ச்சில் பஞ்சாப் கம்பெனி கைக்குப் போனது. நாட்டை எழுதிக் கொடுத்த, ரஞ்சித் சிங்கின் மகன் மகாராஜா துலீப் சிங்குக்கு அப்போது வயது 10.

தோற்கடித்தவர்களையே ஆங்கிலேயர் படையில் சேர்த்துக்கொண்டார்கள். 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் சீக்கியப் படைகள் அவர்கள் பக்கம் நின்றன. முதல் உலகப் போரில் பிரான்ஸ் வரை போய் உயிரைக் கொடுத்தன.

ஆனால் அதே சீக்கியரிடம் பொற்கோயிலை மட்டும் ஒப்படைக்கவில்லை! அதன் நிர்வாகியை, அதாவது 'சர்பரா'வை, அரசுதான் நியமித்தது. அதன் விளைவு 1919இல் தெரிந்தது. கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஜாலியன்வாலா பாகில் சுட உத்தரவிட்ட டயருக்கு, கோயிலுக்குள்ளேயே 'சிரோபா' மரியாதை கொடுத்தார் அன்றைய சர்பரா அரூர் சிங். பரிவட்டம் கட்டுவது போன்ற மரியாதை அது. சிந்திய ரத்தம் காய்வதற்குள் இப்படி ஒரு மரியாதை என்றால் எந்த மனம் ஆறும்?

1920இல் சீக்கியர்கள் தங்கள் கோயில்களை நிர்வகிக்கச் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியை அமைத்தார்கள். சரி, அரசு சும்மா இருந்ததா? 1921 நவம்பர் 7ஆம் தேதி ஓர் அதிகாரியை அனுப்பி, கோயில் கருவூலச் சாவிகளைப் பறித்துக்கொண்டது. மொத்தம் 53 சாவிகள். குருமார்களின் பிறந்தநாள்களில் மக்கள் பார்வைக்கு வைக்கும் ரத்தினங்களும் தங்கமும் அந்தப் பூட்டுகளுக்குப் பின்னால் இருந்தன.

ஊர் ஊராகக் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. அரசு கூட்டங்களுக்குத் தடை போட்டது. கமிட்டித் தலைவர் பாபா கரக் சிங் உட்படப் பலரைச் சிறையில் அடைத்தது. அப்படியும் போராட்டம் ஓயவில்லை. யாரும் ஆயுதம் எடுக்கவும் இல்லை.

கடைசியில் அரசு இறங்கி வந்தது. கைதானவர்களை விடுவித்தது. 1922 ஜனவரி 19 அன்று, பொற்கோயில் வளாகத்தில் இருக்கும் சீக்கியரின் உயர் பீடமான அகால் தக்த் முன்னால் திரண்டிருந்த கூட்டத்தின் நடுவே, சாவிக் கொத்து கரக் சிங்கின் கைக்கு வந்து சேர்ந்தது.

இந்திய விடுதலைக்கான முதல் தீர்க்கமான போரில் வெற்றி என்று காந்தி அவருக்குத் தந்தி அடித்தார். 1925இல், சீக்கியக் கோயில்களின் நிர்வாகத்தைச் சீக்கியரிடமே தரும் குருத்வாராச் சட்டம் வந்தது. இன்றும் பொற்கோயிலை நிர்வகிப்பது அந்தக் கமிட்டிதான்.