படிக்கப் போன பிள்ளைக்கு மளிகைக் காசு

நேயர்களுக்கு வணக்கம். வீட்டை விட்டுத் தள்ளித் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு மளிகைச் செலவுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். "பிள்ளை வயிற்றுக்குக் குறை வைக்கக் கூடாது. ஆனால் அனுப்புற காசு வயிற்றுக்குத்தான் போகுதான்னு தெரியணுமே?" வங்கியில் கார்டுப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். என் மகளும் அறை எடுத்து, தானே சமைத்துச் சாப்பிட்டுப் படித்தவள். அதனால் இந்தக் கேள்வி எனக்கு இரண்டு வழியிலும் பழக்கம்.

தன்னுடைய கார்டையே பின் நம்பரோடு பிள்ளை கையில் கொடுத்துவிடுகிற பெற்றோர் நிறையப் பேர். தயவுசெய்து வேண்டாம். பின் நம்பரை வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூடாது என்பதுதான் பொதுவாக வங்கிகளின் நிபந்தனை. பணம் காணாமல் போனால் அந்த நிபந்தனையைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள்.

அப்புறம் ஆட்-ஆன் கார்டு. நம் கிரெடிட் கார்டுக் கணக்கிலேயே பிள்ளை பெயரில் இன்னொரு கார்டு. பில் நமக்கு வரும், கடனும் நம்முடையதே. அதற்கென்று தனி வரம்பு வைக்க முடியுமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். நான் என் மகளுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். அவள் கார்டைத் தேய்த்தால் என் போனில் மணி அடிக்கும். நானும் உடனே கூப்பிடுவேன். "இந்த நேரத்துல கடையில என்னம்மா வாங்கின?" இரண்டு மாதத்தில் மணி அடிப்பது குறைந்தது. பரவாயில்லையே, சிக்கனம் கற்றுக்கொண்டாளே என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, அப்பா போன் அடிக்குமே என்று அவள் தோழியிடம் கைமாற்று வாங்கியிருக்கிறாள். இரவுச் சாப்பாட்டையே சில நாள் விட்டிருக்கிறாள். கண்காணிப்பு வேறு, கட்டுப்பாடு வேறு என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

சரி, மளிகைக் கடையில் மட்டும் செல்லுபடியாகிற மாதிரி கார்டைப் பூட்ட முடியாதா? முடியும். கார்டு வாங்கும் கடை ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க வகை எண் ஒன்று உண்டு. பலசரக்குக் கடைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் 5411. சில கார்டுகளில் இந்த எண்ணை வைத்து, எந்த வகைக் கடையில் செல்லும், எதில் செல்லாது என்று நாமே அமைக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த எண் கடைக்குத்தான், கூடையில் கிடக்கும் பொருளுக்கு இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் ஹெட்போனும் விற்கிறார்களே! இன்னொரு பக்கம், மலிவாக விற்கிற சின்னக் கடையில் கார்டே வாங்க மாட்டார்கள், அல்லது அதன் வகை எண் வேறாக இருக்கும். ஆக, நாம் போட்ட பூட்டே பிள்ளையை விலை கூடின கடைக்குத் தள்ளிவிடும். ஒரே கடையின் கிஃப்ட் கார்டிலும் இதே சிக்கல். தொலைந்தால் திரும்பக் கிடைப்பதும் கஷ்டம்.

அதனால் கூடைக்குள் எட்டிப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு, தொகைக்கும் நாளுக்கும் மட்டும் கட்டுப்பாடு வையுங்கள் என்பது என் கட்சி. பிள்ளை பெயரில் மளிகைக்கென்றே தனிக் கணக்கு, ஒரு டெபிட் கார்டு. ஓவர்டிராஃப்ட் வசதி, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேலும் எடுக்க விடுகிற வசதி, வேண்டவே வேண்டாம். ப்ரீபெய்டு கார்டும் சரிதான். ஆனால் பணம் ஏற்றக் கட்டணம், சும்மா வைத்திருந்தால் ஒரு கட்டணம் என்று பிடிக்கிற கார்டுகள் உண்டு, பார்த்து வாங்குங்கள். தனிக் கணக்கு எதற்கு என்றால், 2017-இல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர் மனக்கணக்கு என்று ஒன்றைச் சொல்கிறார். பணத்துக்குப் பெயர் கிடையாது, ஆனால் நம் மனசு அதற்குப் பெயர் வைத்துவிடுகிறது. 'இது மளிகைக் காசு' என்று ஒதுக்கிய பணத்தைச் சினிமாவுக்கு எடுக்கக் கை கொஞ்சம் கூசும். அந்தக் கூச்சம் போதும்.

மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பாமல் வாரா வாரம், கடைக்குப் போகிற நாளுக்கு முந்தின நாள், தானாகவே போய்ச் சேருகிற மாதிரி வங்கியில் சொல்லி வையுங்கள். கணக்குப் போடும்போது மட்டும் கவனம். மாதத்துக்கு 4 வாரம் என்று பெருக்கினால் வருடத்துக்கு 48 வாரம்தான் வரும். மீதி 4 வாரம் பிள்ளை என்ன செய்யும்?

தொகையை எப்படி முடிவு செய்வது? முதல் மாத பில்லை நம்பாதீர்கள். டப்பா, துடைப்பம், சோப்பு எல்லாம் அதில் இருக்கும். அதற்குத் தனியாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, அடுத்த 4 வார பில்களைப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். வீட்டுச் செலவைத் தலைக்கு இத்தனை என்று வகுத்துப் பார்க்கவும் வேண்டாம். ஒருத்திக்குச் சமைப்பது எப்போதுமே செலவு கூடினது. சின்னப் பாக்கெட்டில் எடைக்கு விலை அதிகம், பெரிய பாக்கெட் தீருவதற்குள் கெட்டுப்போகும். வாரக் கடைசியில் மிச்சம் இருந்தால் அது பிள்ளைக்கே. அடுத்த வாரத் தொகையில் அதைக் கழித்துப் பாருங்கள், அதற்கப்புறம் மிச்சமே இருக்காது.

தேர்வு நாட்களில் கடைக்குப் போக நேரம் இருக்காது. அப்போது மட்டும் ஆன்லைனில் நாமே பணம் கட்டி அறைக்கு அனுப்பிவிடலாம், பட்டியலை அவர்கள் எழுதட்டும். முதல் தடவை மகளின் பட்டியலில் நானாக மூன்று பொருளைச் சேர்த்து அனுப்பினேன். விடுமுறைக்கு வந்தவள் அந்த மூன்றையும் பிரிக்காமலே பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள்.

வணக்கம்.