மந்தை மடக்கும் குட்டி நாய்: மினியேச்சர் அமெரிக்கன் ஷெப்பர்ட்

[காட்சி: காலை நேரம். பாலாற்று மணலில் செம்மறி மந்தை. பின்னால் கோலோடு ஒருவர், அவருக்கு முன்னால் ஒரு நாட்டு நாய்.]

வணக்கம். பள்ளிகொண்டா, குடியாத்தம் பக்கம் போகிறவர்களுக்கு இது பழகின காட்சிதான். மந்தையோடு போகிற இந்த நாயின் வேலை காவல். ராத்திரி பட்டி ஓரமாகப் படுத்திருக்கும். நரி வந்தாலும், புது ஆள் வந்தாலும் விடாது. ஆனால் ஆட்டை ஓட்டுவது, மடக்குவது எல்லாம் மேய்ப்பவரின் வேலை. அவர் நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்தால் மந்தை திரும்பிவிடும்.

மடக்குகிற வேலையையும் நாயிடமே கொடுத்துவிட்ட ஊர்கள் உண்டு. அங்கே உருவான மினியேச்சர் அமெரிக்கன் ஷெப்பர்ட் என்கிற சின்ன இனத்தைப் பற்றித்தான் இந்த வீடியோ. நீலக் கண்ணும் புள்ளிபுள்ளியான உடம்புமாக இதன் படத்தை போனில் பார்த்துவிட்டு, "நம்ம வேலூர்ல இது வளருமா?" என்று கேட்கிறவர்கள் முழுசாகப் பாருங்கள்.

[காட்சி: அமெரிக்க வரைபடம். கலிபோர்னியா பெரிதாகிறது.]

கதை தொடங்குவது ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் என்கிற பெரிய நாயிடமிருந்து. பெயரில் ஆஸ்திரேலியா இருந்தாலும், அது இன்றைய உருவத்துக்கு வந்தது அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பண்ணைகளில். ஆடு, மாடு இரண்டையும் மடக்கும். ஆண் நாய் 51 முதல் 58 சென்டிமீட்டர் உயரம் இருக்கும்.

1968-ல் கலிபோர்னியாவின் நோர்கோ என்ற ஊரில் டோரிஸ் கோர்டோவா என்ற பெண்மணி, பதிவு செய்யப்படாத குள்ளமான நாய்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்க ஆரம்பித்தார். அவை ஆஸ்திரேலியன் ஷெப்பர்டிலேயே உயரம் குறைந்தவை என்று கருதப்படுகிறது. உடம்பு சின்னதாக வேண்டும், ஆனால் சுறுசுறுப்பும் புத்தியும் குறையக் கூடாது என்பதுதான் குறி. குதிரைப் போட்டிகளுக்காக ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இந்த நாய் ரொம்பப் பிடித்துப்போனது. வண்டியில் இடம் அடைக்காது, குதிரையைக் கண்டு மிரளாது. அவர்களோடு பயணம் போயே நாடு முழுவதும் பரவியது.

1980-ல் முதல் பதிவு. 2015-ல், நாய் இனங்களைப் பதிவு செய்கிற அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் இதை மேய்ச்சல் நாய்களின் பிரிவில் முழு இனமாக ஏற்றுக்கொண்டது.

[காட்சி: பக்கவாட்டில் நிற்கும் நாய். அருகில் அளவுகோல்.]

சரி, உருவத்துக்கு வருவோம். ஆண் 35 முதல் 46 சென்டிமீட்டர், பெண் 33 முதல் 43 சென்டிமீட்டர் உயரம். எடை ஏறத்தாழ 9 முதல் 18 கிலோ. மடியில் உட்காரவைக்கிற பொம்மை நாய் என்று நினைத்துவிடாதீர்கள். உயரத்தைவிட நீளம் கொஞ்சம் அதிகம், எலும்பு உறுதி, நடை இலகு. ஓடுகிற வேகத்திலேயே சட்டென்று திரும்பும். மந்தையிலிருந்து பிரிந்து ஓடுகிற ஆட்டின் குறுக்கே போய் நிற்க இந்த உடம்பு வேண்டும். காது முக்கோணமாக இருக்கும், கவனிக்கும்போது முன்னால் மடியும். வால் சிலவற்றுக்குப் பிறவியிலேயே குட்டை.

ரோமம் இரண்டு அடுக்கு. வெளியே நேராகவோ லேசாக அலையாகவோ நடுத்தர நீளத்தில் ஒன்று, உள்ளே பஞ்சு மாதிரி ஒன்று. முகத்திலும் முன்னங்கால்களின் முன்புறத்திலும் குட்டை. கழுத்தைச் சுற்றி அடர்த்தி, ஆண் நாய்க்கு அது இன்னும் எடுப்பு. நம்ம கத்திரி வெயிலுக்கு இந்த ரோமம் சோதனைதான். அதற்காக மொட்டை அடித்துவிடாதீர்கள், வெயில் நேராகத் தோலைச் சுடும். உள் ரோமத்தைச் சீவிச் சீவி எடுங்கள். விடிந்ததும் கோட்டை மைதானத்தில் ஓடவிட்டு, வெயில் ஏறும் முன் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

[காட்சி: நான்கு நாய்கள், நான்கு நிறம்.]

நிறம் நான்கு: கருப்பு, சிவப்பு, புளூ மெர்ல், ரெட் மெர்ல். இவற்றோடு வெள்ளையோ செம்பழுப்போ கலந்து வரும். மெர்ல் என்பது அடிநிறம் சில இடங்களில் மட்டும் வெளுத்து, சில இடங்களில் அப்படியே நின்றுபோவது. கருப்பு வெளுத்தால் சாம்பல் நீலத்தில் திட்டுத்திட்டாக வரும். கண்ணும் அப்படித்தான்: பழுப்பு, நீலம், தேன் நிறம், ஒரே கண்ணில் பாதி பழுப்பு பாதி நீலம்கூட வரும்.

இந்த அழகுக்குள்தான் ஆபத்தும் இருக்கிறது. மெர்ல் நாயை இன்னொரு மெர்ல் நாயோடு சேர்த்தால், பிறக்கிற ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அந்த மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்துவிடும். அப்படிப் பிறப்பவை பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். பலவற்றுக்குக் காது கேட்காது, சிலவற்றுக்குக் கண் சிறுத்துப் பார்வையே இருக்காது. "அபூர்வ வெள்ளைக் குட்டி" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், தாய் தகப்பன் இரண்டையும் நேரில் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் மெர்ல் என்றால் வாங்காதீர்கள். வாங்குகிறவர் இருக்கிறவரை இந்தச் சேர்க்கையை நிறுத்த மாட்டார்கள், துன்பப்படுவது குட்டிதான்.

[காட்சி: ஆட்டுக்கு ஊசி போடும் கை. பிறகு பட்டியில் சிதறிய புழுக்கை.]

அப்புறம் ஒரு மருந்து விஷயம். ஆடு மாடு இருக்கிற வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். இந்த இனத்தில் பல நாய்களுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் குறை இருக்கிறது. மூளைக்குள் மருந்து தங்காமல் வெளியே தள்ளுகிற ஏற்பாடு அவற்றுக்குச் சரியாக வேலை செய்யாது. உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் ஆட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் அதிக அளவில் போனால் தள்ளாடும், வலிப்பு வரும், உயிரே போகலாம். ஊசி போட்ட ஆட்டின் புழுக்கையைத் தின்றால்கூட ஆபத்து. அதனால் மருந்து போட்ட பிறகு பட்டியைக் கூட்டி முடிக்கும்வரை நாயை உள்ளே விடக் கூடாது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து அனுப்பினால் இந்தக் குறை இருக்கிறதா என்று மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும். சோதனை செய்யும்வரை, எந்த மருந்து எழுதும் முன்பும் கால்நடை டாக்டரிடம் இனத்தின் பெயரையும் எம்டிஆர்1 என்பதையும் சொல்லிவிடுங்கள்.