அப்பத்தாவும் நானும் பார்த்த படம்

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகளுக்கான திரைப்படம் பெரியவர்களையும் கவர வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றே சொல்வேன். ஆனால், எந்த வழியில் கவர வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

நம் தேவகோட்டை ரஸ்தாவில் 1940-களில் படப்பிடிப்பு நடத்திய ஏவி.எம். நிறுவனம், சென்னைக்குப் பெயர்ந்த பின்பு 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தை, காரைக்குடிக் கொட்டகை ஒன்றில் அப்பத்தாவின் பக்கத்தில் அமர்ந்து பார்த்தபோது எனக்கு ஏழு வயது. பிரிந்து வாழும் பெற்றோரைச் சேர்த்து வைப்பதற்காக, இரட்டையரான இரண்டு சிறுமியர் ஒருத்தியின் வீட்டுக்கு மற்றொருத்தி இடம் மாறிப் போகிறார்கள்; இரு வேடங்களிலும் குட்டி பத்மினியே நடித்திருந்தார். எங்கே அகப்பட்டுக்கொள்வார்களோ என்று நான் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். அப்பத்தாவோ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றிரவு வளவில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது, “ஏன் அப்பத்தா அழுதீக?” என்று கேட்டேன். “அந்தப் புள்ளைகளுக்குத் தெரிஞ்சது பெத்தவுகளுக்குத் தெரியலையேப்பா” என்றார். இருவரும் பார்த்தது ஒரே காட்சியைத்தான், நேயர்களே. அவருக்கென்று தனியாக எதையும் அதில் ஒளித்து வைத்திருக்கவில்லை.

இப்போது வரும் சில படங்களில், குழந்தையின் தலைக்கு மேலாகப் பெரியவர்களுக்கு மட்டும் எறியப்படும் இரட்டைப் பொருள் வசனங்களைக் கேட்கிறேன். அரங்கம் சிரிக்கும்போது, “எதுக்கு ஐயா எல்லாரும் சிரிக்கிறாக?” என்று என் பேரன் கேட்டான், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவனுக்காக எடுத்த படத்திலேயே அவனை வெளியாளாக்கியது எனக்குப் பெரும் வருத்தம். திரும்பவும் சொல்கிறேன்: பெரியவருக்கும் அதே காட்சிதான் வேண்டும், தனிக் காட்சி வேண்டாம்.

‘காக்கா முட்டை’ அப்படி அமைந்த படம். பீட்சா தின்ன ஆசைப்படும் இரு சிறுவர்களின் ஆசையைக் குழந்தைகள் பின்தொடர்கிறார்கள். அந்த ஆசைக்கும் கடைவாசலுக்கும் இடையில் நிற்கும் வறுமையை நாம் பார்க்கிறோம். சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது பெற்ற அந்தப் படம், 2015-இல் அரங்குகளுக்கு வந்தபோது பெரியவர்களும் விரும்பிப் பார்த்தார்கள்.

1955-இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் திரைப்படச் சங்கத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடிவதாகச் சைகை வந்துவிட்டது. அச்சங்கத்தின் படங்கள் எங்கள் ஊர்க் கொட்டகைகளுக்கு வந்து நான் பார்த்ததில்லை என்பதை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.