முதல் செமஸ்டர், மூணாவது வாரம்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நம்ம சிங்கப்பூர்ல புதுசா யுனிவர்சிட்டி சேர்ந்திருக்கிற தம்பி தங்கச்சிங்க கிட்டயும் அவங்க அப்பா அம்மா கிட்டயும் கொஞ்சம் பேசலாம்னு வந்திருக்கேன். ஜேசி, அதாவது ஜூனியர் காலேஜுக்கு பிப்ரவரி, பாலிடெக்னிக்குக்கு ஏப்ரல், யுனிவர்சிட்டிக்கு ஆகஸ்ட், எப்ப சேர்ந்தாலும் இது ஏறக்குறைய ஒரே கதைதான்.

மொத வாரம் யாருக்கும் கஷ்டமா இருக்காது. ஓரியண்டேஷன்ல தொண்ட கிழிய கத்துவோம், ராத்திரி 2 மணி வரைக்கும் சப்பர், வாட்ஸ்அப் குரூப்புல மெசேஜ் கொட்டிக்கிட்டே இருக்கும், லைஃப் முழுக்க இவங்கதான் நம்ம கூட்டாளிங்கன்னு தோணும். மூணாவது வாரம் பாருங்க, அதே குரூப்பு கப்சிப். ஆளாளுக்கு வேற டைம்டேபிள், வேற ட்யூட்டோரியல். கேன்டீன்ல தட்ட கையில வச்சிக்கிட்டு எந்த மேசையில உக்காருறதுன்னு தெரியாம நிக்கிறோம் பாருங்க, அந்த அரை நிமிஷம் இருக்கே, அத நான் இன்னும் மறக்கல.

நான் என்எஸ், அதான் கட்டாய தேசிய சேவை, முடிச்சிட்டு யுனிவர்சிட்டி போனவன். 2 வருஷம் கணக்கு பக்கமே போகல, இன்டக்ரேஷன் எல்லாம் சுத்தமா மறந்துபோச்சு, பக்கத்துல 19 வயசு பொண்ணுங்க ஜேசி கடைசி பரீட்சை ஏ லெவல் எழுதி ஒரு வருஷம்கூட ஆகாம வந்து கடகடன்னு போட்டுக்கிட்டு இருப்பாங்க. மொத குவிஸ்ல 20க்கு 6. ஜேசில நல்லா படிக்கிற பையன்னு பேர் வாங்கினவன், இங்க ரூம் முழுக்க அதே மாதிரி பேர் வாங்கினவங்க, அதுக்கு மேல மத்தவங்களோட ஒப்பிட்டு கிரேடு போடுற பெல் கர்வ் வேற. தப்பான கோர்ஸ் எடுத்துட்டோமோன்னு தினமும் ஓடும் மனசுல.

வீடு ஈசூன்ல. எம்ஆர்டி புடிச்சி ஜூரோங் ஈஸ்ட்ல மாறி, பூன் லேல எறங்கி 179 பஸ், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்த லெக்சர் ஹாலுக்கு பின்னாடி மாடிப்படியில தனியா உக்காந்து சாப்ட்டு, டப்பாவ கழுவி பையில வச்சிட்டு வருவேன். ராத்திரி அம்மா கேப்பாங்க, "காலேஜ் எப்டிப்பா இருக்கு?" "ஓகேமா." ஏழு வாரம் இதேதான் சொன்னேன்.

ரிசஸ் வீக்ல, அதான் செமஸ்டர் நடுவுல வர்ற ஒரு வார லீவுல, ஒரு நாள் ராத்திரி தாங்காம எல்லாத்தையும் கொட்டிட்டேன். படிப்ப நிறுத்திடலாமான்னு கூட கேட்டேன். அம்மா கோபப்படல. கல்யாணம் ஆகி தஞ்சாவூர் பக்கத்துலேந்து இங்க வந்தப்ப, அப்பா வேலைக்கி போனதும் புளோக் காரிடார்ல போய் நிப்பாங்களாம், எங்கயாவது தமிழ் சத்தம் கேக்குதான்னு. ஆறு மாசம் அப்படியே போச்சாம். இத அதுக்கு முன்னாடி எங்க யாருக்கும் சொன்னதே இல்ல, எனக்கு நெஞ்ச அடச்சிடுச்சு.

தம்பிங்களா தங்கச்சிங்களா, அந்த நேரத்துல மனசு சொல்ற எல்லாத்தையும் நம்பி முடிவு எடுத்துடாதீங்க. வீட்டுல சொல்ல முடியலன்னா யுனிவர்சிட்டி கவுன்சிலர் கிட்ட போங்க, அதுல ஒரு வெக்கமும் இல்ல. ராத்திரி ரொம்ப முடியலன்னா 1767, மனசு ஒடஞ்சவங்களுக்கு உதவுற எஸ்ஓஎஸ் அமைப்போட நம்பர், 24 மணி நேரமும் எடுப்பாங்க. தேசியப் பல்கலைக்கழகத்துல தமிழ்ப் பேரவை இருக்கு, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல தமிழ் இலக்கிய மன்றம் இருக்கு, சும்மா ஒரு தடவ எட்டிப் பாருங்க. நான் ரொம்ப லேட்டாதான் போனேன், அது எனக்கு இன்னும் வருத்தம்.

பெத்தவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அன்னிலேந்து அம்மா கேள்விய மாத்திட்டாங்க. "காலேஜ் எப்டி"ன்னு கேக்க மாட்டாங்க, "இன்னைக்கி யார் கூடப்பா சாப்ட்ட?"ன்னுதான் கேப்பாங்க. அதுக்கு ஓகேமான்னு சொல்லி தப்பிக்க முடியாது பாருங்க. பல நாள் "யாரும் இல்லமா"ன்னுதான் சொன்னேன். "சரிப்பா, நாளைக்கி பாப்போம்"னு சொல்லிட்டு சோத்த போடுவாங்க, அட்வைஸ் ஒண்ணும் கெடையாது.

பத்தாவது வாரம், ஒரு புதன்கிழமை, லேப் முடிய லேட்டாயிடுச்சு, லேப் பார்ட்னர் பசிக்குதுடா வான்னு கூட்டிக்கிட்டு போனான். அவனும் என்எஸ் முடிச்சிட்டு வந்தவன்தான், அவனுக்கும் இன்டக்ரேஷன் மறந்துபோச்சாம். வீட்டுக்கு வந்து செருப்ப கழட்டுறதுக்குள்ள நானே சொல்லிட்டேன், "அம்மா, இன்னைக்கி கூட்டாளி கூட சாப்ட்டேன்." "அப்டியா, என்னப்பா சாப்ட்டீங்க?"ன்னாங்க.