இருபத்து மூன்று பாடமும் ஓர் ஏரியும்

(செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் ஊரின் ஏரிப் பாசன விவசாயிகள் சங்கத்தைச் சேர்ந்தவர் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர், நம் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே! இன்றைக்கே வேறொரு பள்ளி விழாவையும் முடித்துக்கொண்டு, வெயிலைப் பாராமல் இங்கே வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே! சமையல் கூடத்துக் கூரை ஒழுகுகிறது என்று கேட்டுக் கேட்டே அதைச் சரிசெய்ய வைத்த பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, அன்புச் சகோதரி அவர்களே! தலைமையாசிரியை அம்மா அவர்களே! உதவி ஆசிரியர் தம்பி அவர்களே! விடிவதற்கு முன்பே வந்து அடுப்பு மூட்டும் மகளிர் குழுச் சகோதரிகளே! காசு வாங்காமல் பந்தல் போட்டு மைக் செட்டும் கட்டிக் கொடுத்த அன்பர் அவர்களே! மேடையில் இடம் போதாமல் கீழே உட்கார்ந்திருக்கும் வார்டு உறுப்பினர்களே! பெற்றோர்களே, தாத்தா பாட்டிகளே, வேஷம் போட்டுக்கொண்டு அந்த மூலையில் நெளிந்துகொண்டிருக்கும் கண்மணிகளே! அனைவருக்கும் வணக்கம். யாராவது விட்டுப்போயிருந்தால் நன்றியுரையில் தம்பி சரிக்கட்டிவிடுவார்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். நன்றி. அடுத்த முறை அந்தக் காசுக்கு இரண்டு தென்னங்கன்று வாங்கி ஏரிக்கரைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஏரியைப் பற்றிப் பிறகு வருகிறேன். எப்படியும் வருவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

“நம் பிள்ளைகள் வகுப்பில் என்ன படிக்கிறார்கள்?” இதுதான் தலைமையாசிரியை அம்மா எனக்குக் கொடுத்த தலைப்பு. ஒன்று, இரண்டாம் வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று நாலு பாடம். மூன்றிலிருந்து ஐந்து வரை சூழ்நிலையியலுக்குப் பதிலாக அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம். இரண்டு வகுப்புக்கு எட்டு, மூன்று வகுப்புக்குப் பதினைந்து. ஆக மொத்தம் 23 பாடம். ஆசிரியர்கள் இரண்டு பேர். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. பிள்ளைகளை எண்ணியவர்கள் பாடங்களை எண்ணவில்லை. கல்வி அலுவலர் ஐயா மேடையிலேயே இருப்பதால் இதை நான் மேலும் நீட்டவில்லை. ஐந்து பாடத்துக்கு ஐந்து செய்தி குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

முதலில் தமிழ். உங்களில் பலர் நினைப்பதுபோல ‘அ’ எழுதி அதன் மேலேயே நூறு தடவை பென்சில் ஓட்டும் காலம் போய்விட்டது. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வேகம் கிடையாது என்பதை ஒப்புக்கொண்ட திட்டம் அது. எழுத்தை இப்போதுதான் அடையாளம் காண்கிற பிள்ளை அரும்பு, அடுத்த படி மொட்டு, அந்த வகுப்புக்கு உரியதைத் தானே படிக்கிற பிள்ளை மலர். ‘மக்கு’ என்று ஒரு நிலை அதில் இல்லை. நம் காலத்தில் அந்த ஒரு நிலைதான் இருந்தது! போன மாதம் ஒன்றாம் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு பிள்ளை விரலில் காகிதப் பொம்மையை மாட்டிக்கொண்டு, அதன் வாயால் ‘படம், பட்டம், பாட்டம்மா’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தன் வாயால் சொல்லச் சொன்னால் வெட்கப்படுவாளாம். பொம்மைக்கு வெட்கம் இல்லையாம்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ‘அடி’ என்றதும் பெரியவர்கள் சிலர் பிரம்பைத் தேடுகிறீர்கள். பள்ளிக்கூடத்தில் கை நீட்டக்கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. நான் சொல்லும் அடி, தினம் கொஞ்சம், மறுநாளும் கொஞ்சம் என்று பொறுமையாகச் செய்யும் வேலை.

ஆங்கிலத்தைக் கடைசியில் பார்ப்போம். கணக்குக்கு வருகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் பின்னங்கள் வருகின்றன. இதில் நம் ஊரில் நடந்த ஒரு கதை உண்டு. உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். ஏரித்தெருப் பெரியவர், நம் ஏரிக்கு நீர்க்கட்டியாக, அதாவது மடை திறந்து அவரவர் பங்குத் தண்ணீரைப் பிரித்து விடுகிறவராக இருந்தவர். அவருடைய அப்பாவும் நீர்க்கட்டிதான். பெரியவர் படித்தது மூன்றாம் வகுப்பு. அவர் பேரன் ஐந்தாம் வகுப்பு. ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பையன் வீட்டுப்பாடம் எழுதுகிறான். எட்டில் ஒன்றும் பதினாறில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? பையன் மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டி, ‘இருபத்து நாலில் இரண்டு’ என்று எழுதிவிட்டு விளையாடக் கிளம்பினான்.

தாத்தா சும்மா இருப்பாரா? “என்னடா எழுதின?”

“எட்டுல ஒண்ணு, பதினாறுல ஒண்ணு, ரெண்டும் சேர்ந்தா இருபத்துநாலுல ரெண்டு தாத்தா.”

“எட்டுல ஒண்ணுன்னா அரைக்கால். பதினாறுல ஒண்ணுன்னா வீசம். ஒருத்தனுக்கு ஏரித் தண்ணியில அரைக்கால் பங்கு இருக்கு. பக்கத்துக் காட்டுக்காரன் பங்கு ஒரு வீசத்தையும் வாங்கிட்டான். இப்ப அவனுக்கு எவ்வளவு?”

“இருபத்துநாலுல ரெண்டு.”

“இருபத்துநாலுல ரெண்டுன்னா பன்னெண்டுல ஒண்ணுடா! முன்னாடி எட்டுல ஒண்ணு வச்சிருந்தவன், காசு குடுத்துப் பங்கு வாங்கினப்புறம் பன்னெண்டுல ஒண்ணுக்கு எறங்கிட்டானா? நடுவுல எவன்டா மடையை அடைச்சது?”

இதைச் சொல்லும்போது பெரியவருக்கு நிஜமாகவே கோபம். யாரோ தண்ணீர் திருடிவிட்ட மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து நம் உதவி ஆசிரியர் தம்பி அந்தப் பக்கம் வண்டியில் வர, நடுத்தெருவில் நிறுத்தி நியாயம் கேட்டார். தம்பி வண்டியிலிருந்து இறங்கி முழுக் கதையையும் கேட்டார். மறுநாள் பெரியவரை வகுப்புக்கே கூட்டிப்போனார்.

செருப்பை வெளியே விட்டு, கோயிலுக்குள் போவதுபோல் உள்ளே போனாராம். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்துகொண்டார். தம்பி பலகையில் பதினாறில் இரண்டு, அதோடு பதினாறில் ஒன்று, மொத்தம் பதினாறில் மூன்று என்று போட்டார். பெரியவர், “மூணு வீசம். அத ராத்திரியே சொல்லிட்டேனே” என்றார். “அப்போ ஒரு நாள் முறையில் அந்தப் பங்குக்கு மடை எவ்வளவு நேரம் திறந்திருக்கும்?” என்று தம்பி கேட்டார். பிள்ளைகள் 24-ஐப் பதினாறால் வகுப்பதா, மூன்றால் பெருக்குவதா என்று முழித்துக்கொண்டிருக்கும்போதே பெரியவர், “பதினொண்ணே கால் நாழிகை” என்றார். ஒரு நாளைக்கு அறுபது நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். பிள்ளைகள் பெருக்கினார்கள். 270 நிமிடம். நாலரை மணி நேரம். பலகையில் தம்பி போட்ட கணக்கும் அதே நாலரை மணி! கைதட்டல் பக்கத்து வகுப்புக்குக் கேட்டதாம்.

இப்போது நீங்கள் தட்டுவது போதும், கதை முடியவில்லை. ஒரு பெண் குழந்தை எழுந்து கேட்டாள், “தாத்தா, இப்ப யாரு பங்குக்குத் தண்ணி விடுறீங்க?” பெரியவர் சொன்னார், “இப்ப ஏரிக்குள்ள ஆடு மேய்க்கிறேன் கண்ணு.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த ஆடுகள் ஏரிக்குள் எதைத் தின்கின்றன? சீமைக்கருவேலங்காய். தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் விதையைப் போடுகின்றன. மதகிலிருந்து, உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் வரை முள்காடு. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது நாமும் அரிவாளோடு இறங்கினோம். மேலே வெட்டினோம், வேரை விட்டுவிட்டோம். ஒன்று இருந்த இடத்தில் நாலு கிளைத்தது.

அறிவியல் பாடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இதுதான் அறிவியல். கடல் நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகி, ஏரி குளத்தில் தங்குகிறது என்று அம்புக்குறி போட்டுப் பிள்ளைகள் படம் வரைகிறார்கள். படத்தில் ஏரிக்கு நீல வண்ணம். நம் ஏரியைப் பார்த்து வரையச் சொன்னால் எந்த வண்ணப் பென்சிலை எடுப்பார்கள்?

சமூக அறிவியல். ஊராட்சி, கிராம சபை, குடவோலை முறை எல்லாம் வருகிறது. உத்திரமேரூர் நமக்குக் கூப்பிடு தூரம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921-ஆம் ஆண்டுகள். ஊரை 30 குடும்பாக, நம் வார்டு மாதிரி, பிரித்து, ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்படித் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர். ஏரியைப் பார்த்துக்கொள்வதே வேலை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமா? நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. தலைவர் சிரிக்கிறார். மடியில் கனமில்லாதவர், சிரிக்கலாம். அந்தக் கல்வெட்டில் பெண்கள் பேச்சே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம் மேலாண்மைக் குழுச் சகோதரி என்னை முறைப்பதற்கு முன்னால்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் என்று கணக்கு. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளவை நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். நம் ஏரி இரண்டாவது வகை. இப்போது எல்லாரும் திரும்பி இந்தப் பள்ளியின் பெயர்ப் பலகையைப் படியுங்கள். ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’. பள்ளிக்கூடமும் ஒன்றியம், ஏரியும் ஒன்றியம். ஒரே உரிமையாளர் வீட்டில் ஒரு அறையில் பாடம் நடக்கிறது, மற்ற அறையில் முள் முளைத்துக் கிடக்கிறது.

எங்கள் ஏரிப் பாசன விவசாயிகள் சங்கம் எத்தனையோ மனு கொடுத்தாயிற்று. அடிமேல் அடி. அம்மி இன்னும் அசையவில்லை, ஆனால் அம்மிக்கு நாங்கள் இருப்பது தெரிந்துவிட்டது. இந்த முறை மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் தீர்மானமாகவே கொண்டுவருகிறோம். முள்ளை எந்திரம் வைத்து வேரோடு பிடுங்க வேண்டும். வரத்துக் கால்வாயை அளந்து கல் நட வேண்டும். கால்வாய் மேல் யார் யார் வேலி போட்டிருக்கிறார்கள் என்று இந்த மேடையில் சொல்ல மாட்டேன், சாப்பாட்டுப் பந்தியில் அவர்களுக்குப் பக்கத்தில்தான் உட்காரப்போகிறேன். மூன்றாவது கோரிக்கை கல்வி அலுவலர் ஐயாவுக்கு. பருவத்துக்கு ஒரு நாளாவது நாலாம், ஐந்தாம் வகுப்பை ஏரிக்கரையில் நடத்த அனுமதியுங்கள். கரை நீளத்தை நாடா பிடித்து அளக்கட்டும், கலங்கலின் உயரத்தைக் குறிக்கட்டும், மழை மானி ஒன்று வைத்துத் தினம் எழுதட்டும். மழை மானி எங்கள் சங்கச் செலவு. மதகு எங்கே இருக்கிறது என்று காட்டப் பெரியவர் வருவார். ஆட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆங்கிலம் பாக்கி இருக்கிறது. தலைமையாசிரியை அம்மா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். காலை உணவைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். புதன்கிழமைப் பொங்கலுக்கு எந்தப் பிள்ளையும் பள்ளிக்கு மட்டம் போடுவதில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

தீர்மானத்துக்கான மனு, நுழைவாயிலில் குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம், நூலில் கட்டி. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மை அட்டை இருக்கிறது. அடுத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கரகாட்டம். நன்றி, வணக்கம்.