மாத்திரை குடித்தும் ஏன் ‘பொசிட்டிவ்’?

நேயர்களுக்கு வணக்கம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து நோயாளர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "டொக்டர், வருடக்கணக்கில் மாத்திரை குடிக்கிறேன். இரத்தத்தைச் சோதித்தால் இன்னமும் ஹெபடைடிஸ் பி பொசிட்டிவ் என்றே வருகிறது. மருந்து பிடிக்கவில்லையா?" கேட்பவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கேட்காமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

ஹெபடைடிஸ் பி என்பது ஈரலைத் தாக்கும் ஒரு வைரஸ். அது கல்லீரல் கலத்தின் கருவுக்குள், தன் மரபுக் குறிப்பான டிஎன்ஏவை ஒரு மூடிய வளையமாக வைத்துவிடுகிறது. அதைப் பார்த்துக் கலமே ஆர்என்ஏ பிரதிகளை எழுதுகிறது. அவற்றுள் நீளமான ஒன்றையும் ஒரு நொதியத்தையும் சேர்த்து, உள்ளோட்டுப் புரதங்கள் சூழ்ந்துகொள்கின்றன. பெரும்பாலும் 120 இணைகள் தாமாகவே கோத்துக்கொண்டு ஒரு கூடாகின்றன. பூட்டிய அந்தக் கூட்டுக்குள்தான் ஆர்என்ஏ மறுபடி டிஎன்ஏவாக எழுதப்படுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

பிறகு மேலுறை. அதில் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று புரதங்கள் உண்டு. பெரியது இல்லாவிட்டால் கூட்டுக்கு உறை கிடைக்காது. உறை பெற்ற வைரஸ், குமிழ்கள் நிறைந்த பைகளுக்குள் போய், கலத்தின் சொந்த வழியாகவே வெளியேறுகிறது. கலம் வெடிப்பதில்லை. அதனால் வலியும் இல்லை. ஈரலைப் புண்ணாக்குவது பெரும்பாலும் வைரஸ் அல்ல, அதை விரட்டப் பாயும் நம் உடலின் எதிர்ப்புச் சக்திதான். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்கும்போதுதான் பலருக்கு விஷயமே தெரியவருகிறது.

இனி, கேள்விக்கு வருவோம். முழு வைரஸின் விட்டம் 42 நனோமீற்றர். 1970இல் டேவிட் டேன் என்பவர் அதை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டார். ஆனால் அதே கலம் 22 நனோமீற்றர் அளவில் வெற்று உறைகளையும் உருண்டைகளாகவும் இழைகளாகவும் வெளியே தள்ளுகிறது. ஒரு முழு வைரஸுக்கு ஆயிரம் முதல் ஒரு இலட்சம் வரை! தொழிற்சாலையிலிருந்து ஒரு பெட்டி தேயிலையோடு ஆயிரம் வெறும் பெட்டிகளை லொறியில் ஏற்றியதுபோல. அவற்றுள் டிஎன்ஏ இல்லை. அவை யாருக்கும் தொற்றா. இந்த உறைப்புரதத்தை ஈஸ்ட்டில் தயாரித்துத்தான் தடுப்பூசியே செய்கிறார்கள். நம் நாட்டில் 2003இல் தொடங்கி அது குழந்தைகளுக்குக் கிடைக்கிறது.

வழக்கமான இரத்தப் பரிசோதனை தேடுவது இந்த உறைப்புரதத்தை. டெனோஃபோவிர், என்டகாவிர் போன்ற மாத்திரைகள் தடுப்பதோ கூட்டுக்குள் நடக்கும் டிஎன்ஏ எழுத்தை. கருவிலுள்ள வளையத்தை அவை தொடுவதில்லை. உறை உற்பத்தி தொடரும். ஆகவே அறிக்கையில் ‘பொசிட்டிவ்’ என்று இருப்பதும், மருந்து நன்றாக வேலை செய்வதும் ஒன்றாக நடக்கலாம். மருந்தின் பலனை அறிய, இரத்தத்தில் வைரஸ் டிஎன்ஏ எவ்வளவு என்று அளக்கும் பரிசோதனை தனியாக உண்டு. அதைப் பற்றி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. இது இரத்தத்தாலும் உடலுறவாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றுவது. தோட்டத்து லய வீடுகளில் ஒருவருக்கு மட்டும் தனிக் கோப்பையில் தேத்தண்ணீர் கொடுப்பதில் எந்த அர்த்தமும் இல்லை.

மாத்திரையைத் தாமாக நிறுத்தினால், அடங்கியிருந்த டிஎன்ஏ எழுத்து மீண்டும் தொடங்கும். சிலருக்கு ஈரல் அழற்சி சட்டென மூண்டு, ஈரல் செயலிழக்கும் அளவுக்கும் போகும். நிறுத்தலாமா என்பதை வைத்தியரே சொல்லட்டும்.